மனக்காயம் பற்றிய ஆவணப்படங்களை எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படிப் பார்ப்பது, நாலு பேருக்கு எப்படித் திரையிடுவது

போர், இனப்படுகொலை, பாலியல் வன்முறை, சிறுவயதுக் கொடுமை இவற்றையெல்லாம் தாண்டி வந்தவர்களைப் பற்றிய ஆவணப்படங்களைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் நிறையப் பேர். பெரும்பாலும் நடப்பது என்னவென்றால், தேடியதும் முதலில் கண்ணில் படுகிற படத்தை ராத்திரி 11 மணிக்குத் தனியாகப் போட்டு, பாதியில் நிறுத்தி, தூக்கம் கெட்டு, இனி இந்த வகைப் படமே வேண்டாம் என்று ஒதுங்கிவிடுகிறார்கள். இன்னும் சிலர் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்துத் தள்ளுகிறார்கள், நாலாவது படத்தில் திரையில் ஒரு தாய் அழும்போது கை தானாக போனை எடுக்கிறது. இரண்டுமே வீண். இந்தப் படங்களை நிதானமாகத் தேர்ந்தெடுத்து, தயாராகி, முடிந்தால் இன்னொருவரோடு உட்கார்ந்து பார்த்தால் கிடைப்பது வேறு மாதிரி. அதற்கான வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் ஊர் நூலகத்திலோ கல்லூரியிலோ திரையிட நினைக்கிறீர்கள் என்றால் பின்பாதி உங்களுக்கு.

முதல் படம் சின்னதாக இருக்கட்டும்

ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற படத்தில் ஆரம்பியுங்கள். என் தேர்வு 'ஸ்மைல் பிங்கி'. 2008இல் மேகன் மைலன் எடுத்தது, 39 நிமிடம், அடுத்த ஆண்டு ஆஸ்கர் வாங்கியது. உதட்டுப் பிளவோடு பிறந்ததால் பள்ளிக்கும் போக முடியாமல் ஒதுங்கி இருந்த உத்தரப் பிரதேசச் சிறுமி ஒருத்தி, வாரணாசியில் இலவச அறுவை சிகிச்சைக்குப் போய்த் திரும்பி வருகிறாள், அவ்வளவுதான் கதை. ஆனால் ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளைத் தேடிக் கண்டுபிடித்து, பயந்து நிற்கும் பெற்றோரிடம் பொறுமையாகப் பேசுகிற சமூகப் பணியாளரைக் கவனியுங்கள். கருணை என்று நாம் பெரிதாகச் சொல்வது அன்றாடத்தில் எப்படி இருக்கும் என்பதற்கு அவரைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அவர் பேசுவதில் பாதி, என்றைக்கு வர வேண்டும், யாரைக் கூட்டிவர வேண்டும் என்பது மாதிரியான விஷயங்கள்தான்.

தமிழிலேயே கேட்க வேண்டும் என்றால் கார்த்திகி கோன்சால்வ்ஸ் எடுத்த 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' இருக்கிறது. முதுமலை தெப்பக்காடு முகாமில் பொம்மனும் பெள்ளியும் தாயை இழந்த யானைக்குட்டி ரகுவை வளர்க்கிற கதை, 41 நிமிடம், 2023இல் ஆஸ்கர் வாங்கியது. யானைப் படம் என்று நினைத்துப் பார்த்தவர்களே அதிகம். மகளை இழந்த பெள்ளிக்கு அந்தக் குட்டி என்னவாக இருந்தது என்று அவரே சொல்லும் இடத்தை இன்னொரு முறை பாருங்கள். துக்கத்தில் இருப்பவருக்கு இன்னொரு உயிரைப் பார்த்துக்கொள்ளும் வேலை என்ன செய்கிறது என்பது அங்கே தெரியும். வசனம் தமிழில் என்பதால் வீட்டுப் பெரியவர்களோடு சேர்ந்து பார்க்கவும் சுலபம்.

கதை யார் கையில் இருக்கிறது?

அடுத்தடுத்த படங்களைத் தேர்ந்தெடுக்க எனக்கு ஒரே ஒரு கேள்விதான்: கதை யார் கையில் இருக்கிறது? பாதிக்கப்பட்டவர் தன் கதையைத் தானே சொல்கிறாரா, எங்கே நிறுத்துவது என்பது அவர் முடிவா, இல்லை அவரிடமிருந்து பிடுங்கப்படுகிறதா? இதை மட்டும் வைத்தே நல்ல படத்தையும் அழவைப்பதற்காக எடுத்த படத்தையும் பிரித்துவிடலாம். விருது, மதிப்பெண், எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதெல்லாம் அப்புறம்.

இந்தக் கேள்வியைக் கற்றுக்கொடுக்கும் படம் ஒன்று இருக்கிறது, அலெக்ஸாண்ட்ரியா பாம்பாக் 2018இல் எடுத்த 'ஆன் ஹர் ஷோல்டர்ஸ்'. நாதியா முராத், ஈராக்கின் சிஞ்சார் பகுதியைச் சேர்ந்தவர், யசீதி என்ற சிறுபான்மைச் சமயத்துப் பெண். 2014இல் ஐஎஸ் அமைப்பினர் அவருடைய ஊருக்குள் புகுந்து குடும்பத்தினரைக் கொன்று அவரை அடிமையாகக் கொண்டுபோனார்கள், அவர் தப்பி வந்தார். இந்தப் படம் அந்தக் கொடுமையைக் காட்டவே இல்லை. தப்பி வந்த பிறகு நாடாளுமன்றம் நாடாளுமன்றமாக, வானொலி நிலையம் நிலையமாக அவர் போய் அதே கதையை மறுபடி மறுபடி சொல்ல வேண்டியிருப்பதைத்தான் காட்டுகிறது. மைக்கை நீட்டுகிறவர்கள் அவருக்கு நடந்ததைத் துருவித் துருவிக் கேட்கிறார்கள், யசீதிகளுக்கு இப்போது என்ன செய்ய வேண்டும் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. தான் ஒரு நல்ல தையல்காரியாக, நல்ல மாணவியாக அறியப்பட்டிருக்க விரும்பினேன் என்ற பொருளில் அவர் பேசும் இடம் ஒன்று வரும். அதைக் கேட்ட பிறகு தொலைக்காட்சிப் பேட்டிகளைப் பழையபடி பார்க்க முடியாது. அந்த ஆண்டுதான் அவருக்கும், காங்கோவின் மருத்துவர் டெனிஸ் முக்வேகேவுக்கும் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது.

கதையைப் பாதிக்கப்பட்டவர் கையிலேயே முழுசாகக் கொடுத்தால் எப்படி இருக்கும் என்று பார்க்க, ராபர்ட் கிரீனின் 'ப்ரொசெஷன்' (2021). சிறுவயதில் கத்தோலிக்கப் பாதிரியார்களால் பாலியல் கொடுமைக்கு உள்ளான ஆறு ஆண்கள், பெரும்பாலும் அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டி பகுதியைச் சேர்ந்தவர்கள். நாடகச் சிகிச்சையாளர் ஒருவர் கூடவே இருக்க, தங்கள் நினைவுகளைக் காட்சிகளாக எழுதி, நடித்து, இயக்குகிறார்கள். ஒருவருடைய காட்சிக்கு மற்ற ஐந்து பேரும் உதவிக்கு நிற்கிறார்கள், ஒருவர் அந்த இடத்துக்குப் போகத் தயங்கினால் இன்னொருவர் கூடப் போகிறார். ஆண்கள் தங்களுக்கு நடந்ததைப் பேசுவதும், ஒருவரை ஒருவர் தாங்கிப் பிடிப்பதும் நம் ஊரில் அரிதாகப் பார்க்கிற விஷயம் என்பதால் இந்தப் படத்தை நான் எல்லோருக்கும் சொல்வேன், ஆனால் முதல் படமாக இல்லை.

முகத்தைக் காட்ட முடியாத சூழலில் என்ன செய்வது என்பதற்கு 'ஃப்ளீ' (2021) நல்ல பதில். ஆப்கானிஸ்தானிலிருந்து தப்பி டென்மார்க் வந்தவர், இயக்குநர் யோனாஸ் போஹெர் ராஸ்முஸனின் பள்ளிக்கால நண்பர், கண்ணை மூடிப் படுத்தபடி பேசுகிறார். பெயர் மாற்றப்பட்டிருக்கிறது, முகத்துக்குப் பதில் வரைந்த அனிமேஷன். கம்போடியாவின் ரித்தி பான், கெமர் ரூஜ் என்ற தீவிரக் கம்யூனிஸ்ட் இயக்கத்தின் ஆட்சியில் குடும்பத்தை இழந்தவர், 'தி மிஸ்ஸிங் பிக்சர்' (2013) படத்தில் இன்னும் ஒரு படி போகிறார். அந்தக் காலத்தைக் காட்டும் படச்சுருள் என்று மிஞ்சியதெல்லாம் ஆட்சியாளர்களின் பிரச்சாரம். அதனால் களிமண் பொம்மைகள் செய்து தன் வீட்டையும் வயல்களையும் பட்டினியையும் அடுக்கி வைத்து, அதைப் படம்பிடிக்கிறார். பிணத்தைக் காட்டாமல் இழப்பைக் காட்ட முடியாது என்று யாராவது சொன்னால் இதைப் போட்டுக் காட்டுங்கள்.

இந்தக் கேள்விக்கு எல்லாப் படமும் சுத்தமாகப் பதில் சொல்லிவிடாது. கிளோத் லான்ஸ்மானின் 'ஷோவா' (1985), 9 மணி நேரத்துக்கும் மேல் ஓடும் படம், யூத இனப்படுகொலையைப் பற்றியது, பழைய படச்சுருள் ஒரு துண்டு கூடக் கிடையாது. நாஜிகளின் ட்ரெப்லிங்கா கொலை முகாமில் பெண்களின் முடியை வெட்ட வைக்கப்பட்ட ஏப்ரஹாம் பாம்பாவை லான்ஸ்மான் இஸ்ரேலில் ஒரு முடிதிருத்தும் கடைக்குள் நிற்கவைத்து, கையில் கத்தரிக்கோலோடு பேசவைக்கிறார். ஓர் இடத்தில் பாம்பாவால் மேலே பேச முடியவில்லை, வேண்டாம் என்கிறார். சொல்லித்தான் ஆக வேண்டும் என்று லான்ஸ்மான் விடாமல் கேட்கிறார், கொஞ்ச நேரத்தில் பாம்பா தொடர்கிறார். அந்தச் சாட்சியம் உலகத்துக்குத் தேவை என்பவர்களும் இருக்கிறார்கள், அப்படி வற்புறுத்தியது தவறு என்பவர்களும் இருக்கிறார்கள். அந்தச் சாட்சியத்தின் மதிப்பு எனக்குப் புரிகிறது, ஆனாலும் நான் இரண்டாவது பக்கம். அவர் வேண்டாம் என்று சொன்னபோது கேமராவை நிறுத்தியிருக்க வேண்டும்.

நம் நாட்டிலிருந்து ஒன்று: நிஷா பஹூஜாவின் 'டு கில் எ டைகர்' (2022). ஜார்க்கண்டில் 13 வயது மகளுக்கு நடந்த கூட்டு வன்கொடுமைக்கு நியாயம் கேட்டு, குற்றவாளிக்கே கட்டிவைத்துவிடு என்று ஊர் கொடுத்த அழுத்தத்தையும் மீறி நிற்கும் ஒரு விவசாயத் தந்தை. அந்தப் பெண் 18 வயதான பிறகு படத்தைப் பார்த்துவிட்டுத்தான் முகம் காட்டச் சம்மதித்தார் என்று படத்திலேயே சொல்கிறார்கள். அந்தச் சம்மதம் போதுமா, சட்டம் அனுமதிக்கிறதா என்ற கேள்வி டெல்லி உயர் நீதிமன்றம் வரை போனது. பார்ப்பவர்களும் இதைப் பற்றிப் பேச வேண்டும்.

வீட்டில் பார்க்கும்போது

பகலில் பாருங்கள். முடிந்ததும் செய்ய ஏதாவது ஒரு வேலை வைத்துக்கொள்ளுங்கள், கடைக்கு நடந்து போவது, செடிக்குத் தண்ணீர் விடுவது, யாருக்காவது டீ போடுவது, எதுவாக இருந்தாலும் சரி. படத்தைப் பற்றி முன்பே நாலு வரி படித்துவிடுங்கள். கதை தெரிந்தால் சுவாரசியம் போய்விடும் என்பது இந்த வகைப் படத்துக்குப் பொருந்தாது. என்ன வரப்போகிறது என்று தெரிந்திருந்தால் மனசு தாங்கும். நிறுத்தி நிறுத்திப் பார்ப்பதில் தப்பே இல்லை. 'ஷோவா'வை ஒரே மூச்சில் பார்க்க முயலாதீர்கள், நாலைந்து நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

நெஞ்சு படபடக்கிறது, மூச்சு அடைக்கிறது, பழைய சம்பவம் ஒன்று கண்முன் வந்து நிற்கிறது என்றால் அங்கேயே நிறுத்துங்கள். பாதங்களைத் தரையில் அழுத்தி, அறையில் கண்ணில் படுகிற பொருள்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எண்ணி, மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடுங்கள். உங்களுக்கு நடந்ததும் படத்தில் நடப்பதும் ஒரே மாதிரி என்றால் தனியாகப் பார்க்கவே வேண்டாம். பார்க்காமலே விட்டாலும் எதையும் இழந்துவிட மாட்டீர்கள். மனசு ரொம்பத் தள்ளாடினால் இந்தியாவில் டெலி மானஸ் 14416, இலங்கையில் 1926, இரண்டும் அரசின் மனநல உதவி எண்கள்தான்.

நிறையப் பார்ப்பது நிறைய அக்கறை என்று ஆகிவிடாது. 2013இல் பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக்குப் பிறகு அமெரிக்காவில் ஓர் ஆய்வு செய்தார்கள். அடுத்த வாரத்தில் தினமும் ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ அந்தச் செய்திகளிலேயே மூழ்கிக் கிடந்தவர்கள், சம்பவ இடத்தில் இருந்தவர்களைவிட அதிகக் கடும் மன அழுத்தத்தைச் சொன்னார்கள். செய்தி வேறு, ஆவணப்படம் வேறு என்றாலும், அளவு முக்கியம் என்பது இரண்டுக்கும் பொருந்தும் என்றுதான் நினைக்கிறேன்.

கூட்டமாகத் திரையிட

முதலில் அனுமதி. வீட்டில் சந்தா கட்டிப் பார்க்கும் கணக்கை வைத்து மண்டபத்தில் போடக் கூடாது. படத்தின் இணையதளத்தில் திரையிடல் உரிமைக்கு யாரிடம் பேசுவது என்று போட்டிருப்பார்கள், மெயில் அனுப்பினால் சின்ன அமைப்புகளுக்கு இயக்குநர்களே பெரும்பாலும் உதவுவார்கள். இந்தியாவில் பொதுத் திரையிடலுக்கு 1952ஆம் ஆண்டின் ஒளிப்பதிவுச் சட்டப்படி தணிக்கைச் சான்றிதழ் வேண்டும் என்பதையும் மறந்துவிடாதீர்கள். ஏற்கெனவே சான்றிதழ் உள்ள படமா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

தமிழ் சப்டைட்டில் அநேகமாகக் கிடைக்காது. நடுவில் ஒருவர் எழுந்து நின்று மொழிபெயர்த்துக்கொண்டே இருந்தால் படம் செத்துப்போகும். அதைவிட முக்கியமான பேச்சுகளை மட்டும் தமிழில் ஒரு தாளில் எழுதி முன்பே கொடுத்துவிடுங்கள். நீங்கள் அந்தப் படத்தை முழுசாக இரண்டு முறையாவது பார்த்திருக்க வேண்டும், எந்த நிமிடத்தில் என்ன வருகிறது என்று குறித்து வைத்திருக்க வேண்டும். பார்க்காத படத்தை, நல்ல படம் என்று யாரோ சொன்னார்கள் என்பதற்காகப் பொதுவில் போடுவது பொறுப்பில்லாத வேலை.

கும்மிருட்டு வேண்டாம், பக்கத்தில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும். கதவைத் தாழிடாதீர்கள், கதவோரம் நாலு நாற்காலி காலியாக இருக்கட்டும். தண்ணீர் வையுங்கள். சின்னப் பிள்ளைகளைக் கூட்டிவர வேண்டாம் என்று அழைப்பிலேயே எழுதுங்கள். படம் தொடங்கும் முன் இந்த மாதிரி சொல்லுங்கள்: "இந்தப் படத்தில் பாலியல் வன்முறை பற்றிய பேச்சு வருகிறது, காட்சியாகக் கிடையாது. நடுவில் எழுந்து போகணும்னு தோணினா போகலாம், யாரும் காரணம் கேட்க மாட்டோம். வெளியே அக்கா ஒருத்தர் இருப்பாங்க, பேசணும்னா பேசலாம், சும்மா உட்கார்ந்திருந்தாலும் சரி." அந்த அக்கா உண்மையிலேயே அங்கே இருக்க வேண்டும், படம் பார்க்க உள்ளே வந்துவிடக் கூடாது.

பார்க்க வருபவர்களின் காயமும் படத்தில் உள்ள காயமும் ஒன்றாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். ஜூட் ரட்ணத்தின் 'டீமன்ஸ் இன் பாரடைஸ்' இதற்கு ஒரு பாடம். 1983 ஜூலைக் கலவரத்தின்போது சிறுவனாக இருந்தவர், இலங்கைத் தமிழர்மீது நடந்த வன்முறையோடு தமிழ் இயக்கங்கள் ஒன்றையொன்று அழித்ததையும் சேர்த்துப் பேசினார். 2017இல் பிரான்ஸின் கான் திரைப்பட விழாவில் காட்டப்பட்ட படம், அடுத்த ஆண்டு யாழ்ப்பாணத் திரைப்பட விழாவில் எதிர்ப்பு வந்ததால் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது. படத்தை எடுத்துவிட்டது எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் எதிர்த்தவர்களில் வீட்டில் ஆளை இழந்தவர்களும் இருந்திருப்பார்கள் என்பதை மறக்கவும் முடியாது. இப்படிப்பட்ட படம் என்றால் சுவரொட்டி அடிப்பதற்கு முன்பே அந்த மக்களில் சிலரோடு உட்கார்ந்து பேசுங்கள், வேண்டுமானால் அவர்களுக்கு மட்டும் முதலில் போட்டுக் காட்டுங்கள், பொதுவில் போடுவதா என்பதை அவர்களோடு சேர்ந்து முடிவெடுங்கள்.

படம் முடிந்ததும் உடனே மைக்கைப் பிடிக்காதீர்கள். எழுத்து ஓடி முடியட்டும், விளக்கை மெதுவாகப் போடுங்கள், ரெண்டு மூணு நிமிடம் யாரும் பேச வேண்டாம். ஒவ்வொருவராக எழுந்து மனதில் உள்ளதைச் சொல்லுங்கள் என்று வரிசையாகக் கேட்பது நல்ல எண்ணத்தில் செய்கிற கெடுதல். அதிர்ச்சிக்கு உள்ளானவர்களை உடனே உட்காரவைத்து எல்லாவற்றையும் பேசவைப்பதை உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைப்பதில்லை. அவர்களுடைய உளவியல் முதலுதவிக் கையேடு சொல்வது மூன்றுதான்: பார், கேள், உதவியோடு இணைத்துவிடு. திரையிடலுக்கும் இது அப்படியே பொருந்தும்.

கேள்விகளைப் படத்தில் வருபவரைப் பற்றி வையுங்கள், பார்த்தவர்களைப் பற்றி வேண்டாம். இவருக்கு யார் துணையாக இருந்தார்கள்? எந்த இடத்தில் கேமரா தள்ளி நின்றது? எதைக் காட்டாமல் விட்டார்கள்? இப்படிக் கேட்டால் பேச விரும்புகிறவர் அதன் வழியாகவே தன் கதைக்கு வருவார், விரும்பாதவர் படத்தைப் பற்றி மட்டும் பேசிவிட்டுப் போவார். யாராவது தனக்கு நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தால் குறுக்கே பேசாதீர்கள், அறிவுரை கொடுக்காதீர்கள், "எல்லாம் நன்மைக்கே" என்று மட்டும் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். போனில் பதிவு செய்ய விடாதீர்கள். வாட்ஸ்அப் குழுவில் அன்று பேசியதில் ஒரு வரி கூட வரக் கூடாது என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள்.

பார்த்த பிறகு

பார்த்தவர்களுக்குக் கனம் இருக்கும், அதை என்ன செய்வது என்று கேட்பார்கள். ஜெர்மனியைச் சேர்ந்த மூளை ஆய்வாளர் டானியா சிங்கர் குழுவினர் செய்த மூளை ஆய்வுகள் இந்த இடத்தில் உதவும். பௌத்தத் துறவி மத்தியூ ரிக்கார்டை ஸ்கேனருக்குள் படுக்கவைத்து, பிறர் வலியை அப்படியே உணர மட்டும் சொன்னபோது அவர் சீக்கிரமே களைத்துப்போனார். அந்த வலியில் இருப்பவர்மீது பரிவை, அவர் நன்றாக இருக்க வேண்டும் என்ற எண்ணத்தைக் கொண்டுவந்தபோது களைப்பு மாறியது. சாதாரண மக்களுக்குப் பயிற்சி கொடுத்துப் பார்த்தபோதும், வலியை வாங்கிக்கொள்ளும் பயிற்சி மனநிலையைக் கீழே இழுத்தது, பரிவுப் பயிற்சி அதை மேலே கொண்டுவந்தது. அதனால் படம் முடிந்து கனத்துக் கிடக்கும்போது, "அவருக்கு எவ்வளவு வலித்திருக்கும்" என்பதையே சுற்றிச் சுற்றி வராமல், "அவருக்கு இப்போது என்ன வேண்டும், என் தெருவில் இதே நிலைமையில் யார் இருக்கிறார்கள்" என்ற பக்கம் மனதைத் திருப்புங்கள். அன்று ராத்திரியே உணர்ச்சிவசப்பட்டுப் பணம் அனுப்ப வேண்டாம். மறுநாள் அந்த அமைப்பு இப்போதும் இயங்குகிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

நடுவில் எழுந்து போனவர் யாராவது இருந்தால் ரெண்டு நாள் கழித்து ஒரு போன் செய்யுங்கள். படத்தைப் பற்றி எதுவும் கேட்காமல், சாப்பிட்டீர்களா, வேலை எப்படிப் போகிறது என்று சாதாரணமாகப் பேசினால் போதும்.

தொடராக நடத்த நினைத்தால் மாதம் ஒன்றுக்கு மேல் வேண்டாம். முதலில் 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்', அடுத்து 'ஸ்மைல் பிங்கி', மூன்றாவதாக 'ஆன் ஹர் ஷோல்டர்ஸ்', கூட்டம் பழகிய பிறகு 'தி மிஸ்ஸிங் பிக்சர்'. அதற்கப்புறம் மேடலின் கேவின் எடுத்த 'சிட்டி ஆஃப் ஜாய்' போடலாம். முக்வேகேவும் கூட்டாளிகளும் கிழக்குக் காங்கோவின் புகாவு நகரில் 2011இல் திறந்த இல்லம் அது, போரில் வன்கொடுமைக்கு உள்ளான பெண்கள் அங்கே சில மாதம் சேர்ந்து தங்கி, படித்து, ஆடிப் பாடி, ஊருக்குத் திரும்பித் தலைமை ஏற்கத் தயாராகிறார்கள். நடந்த கொடுமைகளை அவர்கள் சொல்லும் பகுதி கடுமையானது, எச்சரிக்கை கொடுத்தே ஆக வேண்டும். அந்தப் படத்துக்கு மட்டும் பேசும் நேரத்தை ஒரு மணி நேரமாக வைத்துக்கொள்ளுங்கள், பெண்கள் மட்டும் தனியாக உட்கார்ந்து பேச இன்னொரு அறையும் ஏற்பாடு செய்துவிடுங்கள்.